அக்கினி மூலையில் இரண்டு ஏசி

அக்கா, என் மகளை என்னிடமிருந்து பிரித்தது நீங்கள்தான். ஏசியை வைத்துப் பிரித்தீர்கள்.

இப்படி எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும். சிரிக்கட்டும். முழுவதையும் படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் அண்ணன் மனைவியை. பாலக்கோட்டில் ஒரே வீட்டில் இருக்கிறோம். கீழ்த்தளம் அவர்களுக்கு, மேல்தளம் எங்களுக்கு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து தக்காளி மண்டி வைத்திருக்கிறார்கள். விடியும் முன்பே மார்க்கெட்டுக்குப் போய், மத்தியானம் தக்காளி வாசத்தோடு திரும்பி வந்து அவரவர் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே பாய் போட்டுத் தூங்குவார்கள். வீடு கட்டி முடித்தபோது கீழ் வீடு மூத்தவருக்கு என்று யாரும் பேசாமலே முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் கீழ் வீடுதான் வேண்டும் என்று சொல்லியிருப்பேன்.

கீழ் வீட்டுக்கு மேலே என் வீடு இருக்கிறது. அவர்களுக்கு நான் குடை. என் வீட்டுக்கு மேலே மொட்டை மாடி, அதற்கு மேலே சூரியன். சித்திரை மாதம் என் பீரோவின் மேலே மடித்து வைத்த போர்வையை எடுத்தால், அப்போதுதான் இஸ்திரி போட்டதுபோல் சுடும். குழாயைத் திறந்தால் முதலில் வெந்நீர்தான் வரும். அக்கா வீட்டில் அதே நேரத்தில் வெறும் தரையில் படுத்தால் முதுகு குளிரும். எனக்குப் பொறாமை உண்டு. இல்லை என்று சொல்லிக்கொண்டு எழுத உட்காரவில்லை. அவருக்குத் தரை, எனக்குக் கூரை. அவர் வைக்கும் குழம்பை என் கணவர் இரண்டு தடவை ஊற்றிக்கொள்வார். அவர் சொன்னால் தெருவே கேட்கும். நான் அதே விஷயத்தைச் சொன்னால், "இவ ஒருத்தி" என்பார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் முந்தினேன். அந்த வீட்டில் முதலில் ஏசி வாங்கியது நான்.

என் படுக்கையறையில் மாட்டினேன். வெளியே சுவரில் மாட்டுகிற பெட்டியை, அவுட்டோர் என்கிறார்களே அதை, வீட்டின் வடகிழக்கு மூலையில் இரும்புத் தாங்கி அடித்து உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் காலி மனை. காற்று தாராளமாக வரும். இரண்டு கோடை அந்த ஏசி ஒரு குறையும் வைக்கவில்லை. லீவு நாளில் நானும் மகளும் மத்தியானச் சோறு முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படுப்போம். அவள் தன் காலைத் தூக்கி என் மேல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லுவாள். எந்த டீச்சர் யாரைத் திட்டினார், எந்தப் பெண் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் எனக்குத் தெரியும்.

அக்காவும் மேலே வருவார். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, "மேல வந்தா ஊட்டியாட்டம் இருக்குது. கீழ ஒரே புழுக்கம்" என்பார். அந்த வார்த்தை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவர் வருகிற நாளில் இன்னும் ஒரு புள்ளி குறைத்து வைப்பேன். அவர் முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்துவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு நிறையும்.

அக்காவுக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். இரண்டு பேரும் பெங்களூரில் வேலையில் இருக்கிறார்கள். போன தை மாதம் பொங்கலுக்கு வந்தவர்கள் அம்மாவுக்கு ஏசி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். என்னுடையதைவிடப் பெரியது, புதிது. ஓடுகிற சத்தமே கேட்காது. ரிமோட்டில் எண் பச்சையாக மின்னும். என்னுடைய ரிமோட்டில் எண்ணைப் பார்க்க ஜன்னல் பக்கம் போக வேண்டும்.

அந்த ஏசியை எங்கே மாட்டுவது என்று கேட்க அக்கா வாஸ்து பார்க்கிறவரை வரவழைத்தார். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்ட, கதவு வைக்க, மாட்டுக் கொட்டகை போட, எதற்கும் மூலை பார்ப்பார்கள். ஏசிக்கும் பார்ப்பார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர், பாதி தமிழும் பாதி கன்னடமுமாகப் பேசினார். ஏசி உள்ளே குளிர்ச்சி தருகிறது, ஆனால் வெளியே நெருப்பாக ஊதுகிறது, ஆகவே வெளியே இருக்கிற பெட்டி அக்கினி, அக்கினிக்கு உரிய இடம் தென்கிழக்கு என்றார். அக்கினி மூலையில் மாட்டச் சொன்னார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வெளியே வந்து நிமிர்ந்து மேலே பார்த்தார். வடகிழக்கில் என் பெட்டி இருந்தது.

"பேடா, பேடா," வேண்டவே வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். "அது ஈசானிய மூலைம்மா. சாமி மூலை. அங்க போய் நெருப்ப வெச்சிருக்கீங்க. மேல படிக்கிற புள்ள இருக்குதா?"

அக்கா என்னைப் பார்த்தார். "பிளஸ் டூ படிக்குதுங்க. இந்த வருசம் பரிச்சை."

"புள்ளைக்குத்தான் அடி. படிச்சது தலையில நிக்காது."

எனக்கு இதில் எல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் மகளைச் சொன்னால் யாருக்குத்தான் மனம் நிற்கும். இரண்டு நாள் யோசித்தேன். அதற்குள் அக்கா என் கணவரிடம் பேசி முடித்திருந்தார். "ஆள் எப்படியும் கீழ மாட்ட வர்றான். அப்படியே மேல இருக்கறதயும் மாத்திப்புடலாம். புள்ள விசயத்துல வெளையாடக் கூடாது தம்பி" என்று சொன்னாராம். நான் தலையாட்டினேன். அந்த வாரம் அம்மா வீட்டோடு தீர்த்தமலைக்குப் போக வேண்டியிருந்தது. அரூரில் தங்கிவிட்டேன். மலை ஏறி இறங்கி வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தென்கிழக்கில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. ஒரு ஆள் உடம்பைத் திருப்பித்தான் நடக்க முடியும். அங்கே கீழே அக்காவின் பெட்டி. நேர் மேலே என் பெட்டி. எதிரே பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாடி உயரத்துக்கு எழுப்பிய மொட்டைச் சுவர். அக்கா அதைக் காட்டி, "ஒண்ணுக்கு மேல ஒண்ணு, அண்ணன் தம்பியாட்டம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வெயில் ஏற ஆரம்பித்ததும் என் ஏசி படுத்துவிட்டது.

காற்று வரும், குளிர் வராது. கொஞ்ச நேரம் ஓடும், வெளியே 'டக்' என்று சத்தம் கேட்கும், பெட்டி நின்றுவிடும். பிறகு தானாக ஓடும், மறுபடி நிற்கும். போதாததற்கு உள்ளே மாட்டிய பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி மகளின் புத்தகத்தை நனைத்தது. இடம் மாற்றியபோது தண்ணீர் போகிற குழாயைச் சாய்வு இல்லாமல் மாட்டியிருந்தார்கள். அதை நானே கண்டுபிடித்தேன். குழாயின் நடுப்பகுதி தொங்கிப்போய் அங்கே தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு கயிற்றைக் கட்டித் தூக்கிவிட்டதும் சொட்டுவது நின்றது. குளிர் மட்டும் வரவில்லை.

ஏசி கெட்டுப்போனால் ஊரில் எல்லாரும் மெக்கானிக்தான். பால்காரம்மா, "பில்டர கழுவுனீங்களா" என்றார். முன்மூடியைத் திறந்து வலையைக் கழற்றிப் பார்த்தேன். அடை மாதிரி தூசி. கழுவி நிழலில் காய வைத்து மாட்டினேன். காற்று கூடியது, குளிரவில்லை. எதிர்வீட்டு வாத்தியார் ரிமோட்டில் ஏதாவது பொத்தானைத் தவறாக அழுத்தியிருப்பேன் என்றார். பனிக்கட்டிப் பூ போட்ட படம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அது இருந்தது. கரண்ட் குறைவாக வருகிறதோ என்று ஸ்டெபிலைசரின் முள்ளைப் பார்த்தோம். முள் சரியான இடத்தில்தான் நின்றது. ஜன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணித்தேன். கறுப்புத் திரை வாங்கி மாட்டினேன். அறை சவப்பெட்டி மாதிரி ஆனது, சூடு போகவில்லை.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். இடம் மாற்றிக் கொடுத்த அதே ஆள், தர்மபுரியிலிருந்து வருவார். அங்கே அவருக்கு வேலை நிறைய. அதனால் எங்கள் ஊர்ப் பக்கத்தை வெயிலுக்கு முன்பே முடித்துவிடுவார். காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது வந்து நிற்பார். ஏசியைப் போடுவார். அது ஜில்லென்று ஓடும்.

"நல்லாத்தான குளிருதுங்கக்கா."

"மத்தியானம் குளிர மாட்டேங்குதுப்பா."

"மத்தியானம் வெயிலு அப்படிங்கக்கா. மேல் வூடு வேற."

இது மூன்று முறை நடந்தது. ஒரு முறை வந்தபோது அவுட்டோரின் முதுகில் படிந்த தூசியைத் தண்ணீர் அடித்துக் கழுவினார். இன்னொரு முறை குழாயை நீளமாக இழுத்ததால் கேஸ் குறைந்திருக்கும் என்று கேஸ் ஏற்றினார். காலையில் குளிர்ந்தது. மத்தியானம் படுத்தது. என் கணவர், "உனக்குத்தான் குளிர மாட்டேங்குது. கீழ நல்லாத்தான ஓடுது" என்றார். என்னைப் பொய்க்காரி ஆக்கியது அந்த இயந்திரம். கீழே நன்றாக ஓடியது, அதுதான் எனக்கு எரிந்தது. இரண்டும் கெட்டிருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

மகள் முதலில் கேட்டுவிட்டுத்தான் கீழே போனாள். "ம்மா, வேர்வையில பேனா வழுக்குது. பெரியம்மா ரூம்ல கொஞ்ச நேரம் படிச்சுட்டு வந்துர்றேன்." போகச் சொன்னேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை வெந்நீரில் உட்கார வைக்கவா முடியும். அடுத்த வாரம் தலையணை கீழே போனது. பிறகு புத்தகப் பை. பிறகு ஒரு நாள் குளியலறையில் அவளுடைய பல் துலக்கும் பிரஷ் இல்லை.

"நீ எதுக்குக் கவலப்படற," என்றார் அக்கா. "புள்ள இங்கியே இருக்கட்டும். ரெண்டும் ஒரே வூடுதான."

ஒரே வீடாம். ஒரே வீடு என்றால் அவர் மேலே வந்து படுத்து, எனக்குக் கீழ் அறையைக் கொடுத்திருக்கலாம். அது அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் ரசத்துக்குப் புளி வாங்குகிற சாக்கில் கீழே போனேன். கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் மோதியது. மகள் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்தார். என் கைக்கு அந்த முடி அடங்காது. சீப்பை எடுத்தாலே, "வலிக்குது, விடும்மா" என்று ஓடுவாள். அங்கே கண்ணை மூடிக்கொண்டு வேதியியல் ஒப்பித்தாள். அக்கா ஒரு சொல்லும் புரியாமல், "ம், அப்புறம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெண் பிள்ளை இல்லாத வீட்டில் பெண் பிள்ளை வாசம் வந்துவிட்டது. புளி வாங்காமலே மேலே வந்தேன். அன்று மகள் சாப்பிட வந்தபோது எந்த டீச்சர் திட்டினார் என்று கேட்டேன். "பெரியம்மாகிட்ட சொன்னேனே" என்றாள். அவரிடம் சொன்னால் எனக்கும் சொன்னதுபோல்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு அக்காவும் அவர் கணவரும் பெங்களூருக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போனார்கள். கீழ் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். மகள் வேறு வழியில்லாமல் தலையணையோடு மேலே வந்தாள். நான் விசிறி வாங்கி வைத்திருந்தேன். ஈரத்துண்டு நனைத்து வைத்திருந்தேன். ஏசியைச் சும்மா பேருக்குப் போட்டேன்.

குளிர்ந்தது.

மத்தியான வெயிலில், ஜன்னல் கம்பி தொட்டால் சுடுகிற நேரத்தில், அறை குளிர்ந்தது. 'டக்' சத்தம் இல்லை. மகள் போர்வையைத் தேடினாள். "ம்மா, சில்லுன்னு இருக்குது. சரி பண்ணிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே என் மேல் காலைப் போட்டாள். நான் அசையவே இல்லை. கால் மரத்துப்போன பிறகும் அசையவில்லை. மறுநாளும் குளிர்ந்தது. அதற்கு மறுநாளும். முதலில் நான் நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் கண்தான் என் ஏசியின் மேல் பட்டிருக்கிறது, ஆள் இல்லாததால் அது மூச்சு விடுகிறது என்று நினைத்தேன். எலுமிச்சம்பழம் கட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். பயணக் களைப்பில் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு ஏசியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் என் அறையில் 'டக்'. மகள் தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணும் இல்லை, மண்ணும் இல்லை. அவர் ஏசி ஓடினால் என் ஏசி படுக்கிறது. மெக்கானிக் வருகிற காலை நேரத்தில் கீழே ஏசி ஓடாது. அக்கா அப்போது சமையலறையில் இருப்பார். மத்தியானச் சோற்றுக்குப் பிறகுதான் போடுவார்.

பின்பக்க ஜன்னலைத் திறந்து அந்தச் சந்துக்குள் கையை நீட்டினேன். இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததுபோல் கீழே இருந்து சூடு அடித்தது. அவர்கள் பெங்களூர் போகும் முன்பு நான் அந்த ஜன்னல் கம்பியில் போட்ட பாவாடை அவ்வளவு சீக்கிரம் காய்ந்ததை நினைத்துக்கொண்டேன். ஒரு பிளாஸ்டிக் பையைக் கிழித்து, நூலில் கட்டி, என் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். தொங்கவே இல்லை. மேலே எழும்பிப் பட்டம் மாதிரி ஆடியது. கீழே போய் அக்காவிடம், "கரண்ட் ஏதோ மாதிரி வருது, கொஞ்சம் எல்லாத்தயும் நிறுத்துங்க" என்று பொய் சொல்லி நிறுத்த வைத்தேன். மேலே ஓடி வந்து பார்த்தேன். பிளாஸ்டிக் துண்டு நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் பெட்டி ஊதுகிற சூடு எதிர்ச் சுவரில் மோதி, வேறு போக்கிடம் இல்லாமல் மேலே ஏறுகிறது. என் பெட்டி அந்தச் சூட்டையே இழுத்துக் குடிக்கிறது. அறையின் சூட்டை வெளியே தள்ள வேண்டிய இயந்திரம், தள்ள இடமில்லாமல் கொதித்துப்போய் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. அக்கினி மூலையில் அக்கினிக்கு மேல் அக்கினி. அவர் குளிர்கிற அளவுக்கு நான் வேகிறேன். இத்தனை வருடம் இந்த வீட்டில் நடந்ததும் இதுதான்.

மெக்கானிக்கை மத்தியானம் வரச்சொல்லிச் சண்டை போட்டேன். வந்தார். பிளாஸ்டிக் துண்டைக் காட்டினேன். அவருக்கு அது ஆச்சரியமாகவே இல்லை.

"இத நான் அன்னைக்கே சொன்னேனுங்களேக்கா. ரெண்டும் ஒரே சந்துல வேணாம், கீழ இருக்கறதோட சூடு மேல இருக்கறதுக்கு ஏறும்னு."

"யாருகிட்ட சொன்ன?"

"கீழ் வூட்டு அக்காகிட்டத்தான். நீங்க ஊர்ல இல்ல. அப்புறம் உங்ககிட்டச் சொல்லி ரெண்டு வூட்டுக்கும் எதுக்குச் சண்டன்னு விட்டுட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

அவர் ஸ்குரூ டிரைவரைத் துடைத்தார். "மேல அவ்வளவா போட மாட்டாங்க, நீ வெய்யின்னாங்க."

மேலே அவ்வளவாகப் போட மாட்டார்களாம். என் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து இரண்டு கோடை அனுபவித்தவர் சொன்ன வார்த்தை அது.

நேராகக் கீழே இறங்கினேன். அக்கா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள் புத்தகத்தோடு இருந்தாள். அவளை வைத்துக்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை. மேலே போய்த் தண்ணீர் பிடிக்கச் சொன்னேன். அவள் போனதும் கேட்டேன்.

"ஆள் சொன்னானாமே. சூடு மேல ஏறும்னு."

"ஏதோ சொன்னான். எனக்கு அந்த எழவெல்லாம் எங்க புரியுது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லிங்க."

"நீ ஊர்ல இல்ல."

"போன்ல இருந்தேன்."

அவர் மொச்சையை முறத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். "இப்ப அத எதுக்குக் கிளறிக்கிட்டு. புள்ள பரிச்சை முடியட்டும். இப்பப் போய் ஈசானியத்துல நெருப்ப வெச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அந்தப் பேச்ச யாரு கேக்கறது."

என் கணவரும் அதையேதான் சொன்னார். அண்ணி சொன்ன பிறகு அவருக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை வராது. நான் வாயை மூடிக்கொண்டேன். பரீட்சை முடிகிற வரையில் என் மகள் கீழே படித்தாள், கீழே தூங்கினாள், கீழே தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். நான் மேலே வெந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றுவேன். ஆவி எழும்பி என் முகத்திலேயே அடிக்கும்.

மதிப்பெண் நன்றாக வந்தது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். அக்கா தெருவெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். ஒவ்வொரு வாசலிலும், "மூலைய மாத்துன நேரம், புள்ள பொழச்சுக்கிச்சு" என்று சொன்னார். நான் பின்னாலேயே நின்றிருந்தேன். படித்தது என் மகள். மூலை படிக்கவில்லை. பெற்றது நான். மைசூர்பாகு அவருடையது. பால்காரம்மா என்னைப் பார்த்து, "உங்க அக்காவுக்குத்தான் நீங்க கையெடுத்துக் கும்புடணும்" என்றார். கும்பிட்டேன். வேறென்ன செய்வது.

மறுவாரம் யாரிடமும் கேட்காமல் மெக்கானிக்கை வரவழைத்து என் பெட்டியைப் பழையபடி வடகிழக்கில் மாட்டினேன். என் கணவர் மண்டியிலிருந்து வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் நான்தான் பொறுப்பு என்றார். சரி, பொறுப்பு என்றேன். சாமி மூலையில் நெருப்பு வைத்தவள் என்று உறவுக்குள் பேசுகிறார்கள். பேசட்டும். அன்று மத்தியானம் ஏசியைப் போட்டேன். அறை குளிர்ந்தது. வெளியே காலி மனையைப் பார்த்துப் பெட்டி தன் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது.

கீழே போய் மகளைக் கூப்பிட்டேன். "வாடா கண்ணு. நம்ம ஏசி சரியாயிடுச்சு."

வந்தாள். அன்றைக்குப் பதினாறில் வைத்திருந்தேன். கீழே என்ன குளிர் இருக்கிறதோ அதைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் படுத்தாள். தும்மினாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னடா?"

"நடுங்குதும்மா. பெரியம்மா இருபத்தஞ்சுல வெச்சு ஃபேன மெதுவா போடுவாங்க."

"நானும் இருபத்தஞ்சுல வெக்கறேன்."

வைத்தேன். பெரியம்மா மாதிரியே ஃபேனையும் மெதுவாகப் போட்டேன். அவள் புரண்டு புரண்டு படுத்தாள். பிறகு தலையணையை எடுத்தாள். "அங்கதாம்மா தூக்கம் வருது. பழகிப்போச்சு. கோச்சுக்காத." என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். கோபித்துக்கொள்ளாதே என்கிற அந்தப் பேச்சுகூட அக்காவுடையது. அப்படியே அதே இழுப்பு.

பில்டரைக் கழுவலாம். கேஸ் ஏற்றலாம். குழாயின் சாய்வைச் சரிசெய்யலாம். பெட்டியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றலாம். எல்லாம் செய்தாகிவிட்டது. ஏசி சரியாகிவிட்டது. இப்போது இந்தக் குளிர்ந்த அறையில் நான் ஒருத்திதான் படுத்திருக்கிறேன். கல்லூரி திறந்தால் அவள் விடுதிக்குப் போய்விடுவாள். எனக்கு இருந்தது இந்த ஒரு கோடைதான். அது கீழ் வீட்டில் கழிந்துவிட்டது.

அக்கா, உங்களுக்குப் பெண் பிள்ளை மேல் ஆசை என்று எனக்குத் தெரியும். அவளை நீங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டீர்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. நீங்கள் கேட்கவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் ஒகேனக்கல் போகிறோம். பங்காளிகள் எல்லாரும் வேனில் வருகிறார்கள். உங்கள் பிள்ளைகள் பெங்களூரிலிருந்து நேராக அங்கே வருகிறார்கள். குளித்துவிட்டு, எப்போதும்போல் மீன் வறுக்கிற கடைக்கு முன்னால் பாய் விரித்து உட்காருவோம். என் மகள் உங்கள் பக்கத்தில்தான் உட்காருவாள். அங்கே வைத்துச் சொல்லுங்கள். என்னிடம் தனியாகச் சமையலறையில் வந்து சொல்ல வேண்டாம், என் கணவரிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். சூடு மேலே ஏறும் என்று மெக்கானிக் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா, புரியவில்லையா? புரிந்திருந்தால் ஏன் மாட்டச் சொன்னீர்கள்? எல்லார் முன்னாலும், என் மகள் காதில் விழும்படி, பதில் சொல்லுங்கள்.